மணிக்கட்டில் இனி இடமில்லை

கடல் கரை மீறாதிருக்க, மலை மழை மறவாதிருக்க, இரு நாட்டு அடுப்பும் அணையாதிருக்க.

இடிமலை ஏழுக்கும் தலைவரும், முரசு உறங்காத முற்றத்தை உடையவரும், பகைவர் பணியப் பணிந்தவரைப் பொறுப்பவருமாகிய முரசூர் மாமன்னர் கொற்றவேள் அடிகளின் திருமுன்புக்கு, தாழைக்கரை நாட்டைத் தாங்கும் அரசர் திரையனாரின் ஒரே மகளாகிய மௌவல் நாச்சியார் சொல்ல, அரண்மனை ஓலைக்காரி தத்தைநங்கை எழுதிய ஓலை.

தங்கள் சரிவுகளில் தினை முற்றட்டும். தங்கள் தொழுவங்களில் கன்றுகள் துள்ளட்டும். தங்கள் மைந்தர் இளவரசர் தழலேந்தியார் நோயின்றி வாழட்டும். இந்த வாழ்த்தில் மனத்தாங்கல் எதுவும் கலக்கவில்லை. மனத்தாங்கல் கீழே தனியாக வருகிறது.

நடந்ததை நடந்தபடி இவ்வோலை சொல்லும். பேசியவர்கள் சொற்களைச் செம்மைப்படுத்தாமல் அவரவர் வாய்மொழியாகவே எழுத வேண்டும் என்பது நாச்சியாரின் கட்டளை. மன்னர் முன் செல்லும் ஓலையில் சந்தைப் பேச்சு தகாது என்று ஓலைக்காரி இருமுறை சொல்லிப் பார்த்தாள். நாச்சியார் இணங்கவில்லை.

எல்லை ஆற்றின் இரு கரையிலும் மூன்று ஆண்டுகளாக நடக்கும் சண்டையை நிறுத்த, தங்கள் மைந்தருக்கு எங்கள் நாச்சியாரைத் தருவதென்று இரு அரசர்களும் கைகொடுத்துக்கொண்டதைத் தாங்கள் அறிவீர்கள். அதன்படி சென்ற வளர்பிறையில் தங்கள் தூதர் ஏழிலரையர் பன்னிரண்டு குதிரைகளோடும் ஒரு செப்புப் பேழையோடும் எங்கள் சங்குத்துறைக்கு வந்து இறங்கினார். பேழைக்குள் ஒரு சிறு செப்புத் தகடு இருந்தது. அதில் இரட்டை முரசு துளையிடப்பட்டிருந்தது. அத்தகட்டை மணமகளின் வலக்கை மணிக்கட்டில் வைத்து, துளைகளின் வழியே பச்சை குத்தி, முரசு பதிந்த பின்னரே அவளை ஆற்றைக் கடக்க விடுவது இடிமலை வழக்கம் என்று தூதர் அவையில் அறிவித்தார்.

பச்சை குத்துவதை நாச்சியார் வெறுத்தவர் என்று மன்னர் எண்ணிவிடலாகாது. எண்ணினால் இவ்வோலை முழுவதும் பிழையாகப் புரியும். எங்கள் அரசகுலப் பெண்கள் உடம்பில் ஊசி படவிடுவதில்லை. ஆயினும் சிறு வயது முதலே துறைப் பெண்களின் முழங்கையில் இருந்த தேளையும் கோலத்தையும் அவர்கள் அறியாமல் பார்த்துப் பார்த்து ஏங்கியவர் நாச்சியார். இருபது வயதாகியும் அவையில் ஒரு சொல் பேசியறியாதவர். பேச வேண்டியதையெல்லாம் ஓலை நறுக்குகளில் எழுதித் துணிப்பெட்டியின் அடியில் ஒளித்துவைப்பவர். தமக்கும் பச்சை குத்தப்போகிறார்கள் என்று கேட்டபோது தூணுக்குப் பின்னால் நின்றபடி உள்ளூர மகிழவே செய்தார். தகட்டைத் தம் கையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தாயிடம் சொல்லி வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை, குதிரைகளைப் பார்க்க லாயத்துக்குப் போனார். பதினொரு குதிரைகளின் இடத்தொடையில் இரட்டை முரசு சூட்டுக்குறியாக இருந்தது. மடியில் இருந்த தகட்டை எடுத்து ஒரு குதிரையின் தொடைமேல் வைத்துப் பார்த்தார். தகட்டின் துளைகள் சூட்டுக்கோட்டின்மேல் அப்படியே பொருந்தின. அளவு கூட மாறவில்லை.

பன்னிரண்டாவது, ஒரு சாம்பல்நிறப் பெட்டைக் குதிரை. அதன் தொடையில் முரசு இல்லை. மூவிலைக் குறி ஒன்று இருந்தது. லாயத்தின் வாயிலில் நின்றிருந்த தங்கள் தூதரிடம் நாச்சியார் தாமே சென்று, இதற்கு மட்டும் ஏன் முரசு இல்லை என்று கேட்டார். வேற்று ஆடவர் ஒருவரிடம் அவர் முதன்முதலாகப் பேசியது அதுவே.

தூதர் பெருமிதத்தோடு விளக்கினார். அது வடக்குச் சந்தையில், பிறர் குறியோடு வந்த குதிரை. இடிமலையில் குறியின்மேல் குறி இடுபவன் கள்வன். மன்னரே விரும்பினாலும் அதைத் தொடமாட்டார். எல்லைக்கல்லில் இந்த ஆணை வெட்டப்பட்டிருக்கிறது. அதை வெட்டுவித்தவர் தங்கள் பாட்டனார்.

குதிரைக்கும் மணமகளுக்கும் ஒரே குறியா என்று நாச்சியார் கேட்டார். மன்னருக்கு உரியவை அனைத்துக்கும் ஒரே குறிதான், பெருமை அதில்தான் இருக்கிறது என்றார் தூதர். அப்படியானால் இளவரசர் கையிலும் முரசு உண்டா என்று கேட்டார். தூதர் சிரித்துவிட்டார். "இளவரசருக்கு எதற்கு நாச்சியாரே? அவரை யார் களவாடப் போகிறார்கள்?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதனால்தான் அந்தச் சொல் நாச்சியாரை அவ்வளவு சுட்டது.

அன்று பகல் முழுவதும் நாச்சியார் உண்ணவில்லை. மாலையில் தந்தையின் முன் சென்று, முரசுக்குறியைத் தாம் ஏற்பதில்லை என்று சொன்னார். அரசர் முதலில் கெஞ்சினார். "அம்மாடி, விரல் நீளத்துக்கு ஒரு குறி. அதுக்குப் போய் ஆத்தங்கரை ஊரையெல்லாம் மறுபடி எரிய விடச் சொல்றியா?" என்றார். அரசியார், வளையல்களை நெருக்கமாக அடுக்கினால் ஒருவர் கண்ணிலும் படாது என்றார். கண்ணில் படாததால் அது இல்லாமல் போகுமா என்று நாச்சியார் கேட்டார். பின்னர் அரசர் சினந்து, ஒரு குறி இட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் நம் கொடியில் உள்ள சங்கைக் குத்திக்கொள், இடிமலையார் என்ன செய்கிறார்கள் பார்ப்போம் என்றார். உடனிருந்தோர் நன்று நன்று என்றனர்.

நாச்சியார் சொன்னது இது: "அது நம்ம தொழுவத்துக் குறி, அப்பா."

எங்கள் மாடுகளின் தொடையில் இருப்பதும் சங்குதான் என்பதை மன்னருக்கு அறிவிக்கிறோம். எங்களுக்கே அன்றுதான் உறைத்தது.

பச்சை குத்திக்கொள்வது, முரசு இடக் குறித்த அதே இடத்தில் குத்திக்கொள்வது, முரசோ சங்கோ இல்லாத ஒன்றைக் குத்திக்கொள்வது என்று அன்றே நாச்சியார் உறுதி செய்துவிட்டார். எதை என்பதுதான் தெரியவில்லை. மீன்சந்தையில் ஊசி வைத்திருக்கும் காயாம்பூ என்பவளை அழைத்துவரச் செய்தார். நாச்சியாரைவிட இரண்டு வயது மூத்தவள். அரசர் எதிரே வந்தாலும் வெற்றிலையைத் துப்பிவிட்டுத்தான் வணங்குவாள்.

அவள் சொன்னதாவது: "ஊசி ஏறின பொறவு அழிச்சுக் குடுன்னு எங்கிட்ட வரக்கூடாது தாயி. மொதல்ல கரியில எழுதி விடுறேன். ரெண்டு நாளு கையோட கெடக்கட்டும். சோறு திங்கையில பாருங்க, சண்டை போடையில பாருங்க. சலிச்சுப் போச்சுன்னா எண்ணெய் தேச்சுக் கழுவிப்புடலாம். புருசனைத்தான் அப்படிக் கழுவ முடியாது."

முதலில் மயில் எழுதினாள். பத்துப் பெண்கள் கையில் இருக்கும் மயிலாகவே அது இருந்தது. நண்பகலுக்குள் நாச்சியாருக்கு அலுத்துவிட்டது. அடுத்துத் தேள். விழித்தெழுந்தபோது உண்மைத் தேள் என்று எண்ணித் தம் கையைத் தாமே அறைந்துகொண்டார். பின்னர் அரசியார் விருப்பத்துக்காகத் தாமரை. காயாம்பூவுக்கு இதழ் சரியாக வராது போலும். "வெங்காயம் மாதிரி இருக்கே" என்றார் நாச்சியார். "வெங்காயமும் நல்லதுதான், ஒடம்புக்குக் குளிர்ச்சி" என்றாள் அவள். இருவரும் சிரித்த சிரிப்பு கேட்டு அரசியார் கதவைச் சாத்தச் சொன்னார். திருமண ஏற்பாடு தொடங்கிய நாள் முதல் நாச்சியார் சிரித்தது அப்போதுதான்.

தாமரையை மணலால் தேய்த்துக் கழுவ இருவரும் கடற்கரைக்குப் போனார்கள். ஈர மணலில் ஒரு சிறு சங்கு நகர்ந்து வந்தது. உள்ளே ஒரு நண்டு குடியிருந்தது. அருகே வேறொரு வெற்றுச் சங்கு கிடந்தது, கொஞ்சம் பெரியது. நண்டு அதை ஓர் இடுக்கியால் தட்டியது, உள்ளே விட்டு அளந்தது, சுற்றி வந்தது. பிறகு கண் மூடித் திறப்பதற்குள் பழைய கூட்டை விட்டு வெளியேறிப் புதியதில் புகுந்துகொண்டு, திரும்பியும் பாராமல் அலைப்பக்கம் போய்விட்டது. எங்கள் கொடியில் பொன்னால் எழுதிய சங்கு மணலில் வெறுமையாகக் கிடந்தது.

"ராசா வீட்டுச் சங்குக்குக் காலு மொளைச்சுப் போச்சே தாயி!" என்றாள் காயாம்பூ.

"இதைத்தான் எழுதணும். இடுக்கியைப் பெரிசாப் போடு" என்றார் நாச்சியார்.

கரியில் எழுதிய நண்டை ஐந்து நாள் கையில் வைத்திருந்தார். சலிக்கவில்லை. ஆறாம் நாள் நண்பகலில், அரசரும் தங்கள் தூதரும் அமர்ந்திருந்த அவையின் நடுவே ஒரு பலகை போட்டு உட்கார்ந்து வலக்கையை நீட்டினார். தூணின் பின்னால் நிற்பவர் நடுவில் வந்து அமர்ந்ததில், என்ன நடக்கிறது என்று பலருக்குப் புரியவேயில்லை. காயாம்பூ செப்புத் தகட்டை மணிக்கட்டில் வைத்து அதன் விளிம்பைக் கரியால் வரைந்துகொண்டாள். தகட்டைத் தூதர் பக்கம் தள்ளிவிட்டாள். பின் அகத்திச்சாற்றில் குழைத்த விளக்குக்கரியைத் தொட்டு, கோட்டுக்குள் ஓர் எள் வைக்கவும் இடமில்லாதபடி நண்டைக் குத்தத் தொடங்கினாள்.

வலித்தது. அதை மறைத்து எழுத நாச்சியார் இசையவில்லை. கண்ணில் நீர் வழிந்தது, மூக்கும் வழிந்தது. "கையை இழுக்காதீங்க தாயி, காலு ஒண்ணு கோணிக்கும்" என்றாள் காயாம்பூ. ஒரு கால் கோணத்தான் செய்தது. அது அப்படியே இருக்கிறது.

தங்கள் தூதர் எழுந்து, நிறுத்துங்கள், அந்த இடம் எங்கள் மன்னருக்கு உரியது என்று முழங்கினார். எங்கள் அரசரும் எழுந்துவிட்டார். அப்போது நாச்சியார், ஊசி கையில் இருக்கும்போதே, அவை முழுவதும் கேட்கப் பேசினார்.

"அரையரே, எங்கையில குறி ஏறிப்போச்சு. குத்தினவ காயாம்பூ. குத்தச் சொன்னவ நான். இதுக்கு உடைமைக்காரி நான் ஒருத்திதான். இனிமே இதுமேல முரசு போட வர்றவர் யாருன்னு உங்க எல்லைக்கல்லையே கேட்டுக்குங்க. குதிரைக்குக் குடுக்குற நீதியைக் கேக்குறேன். அதுக்கு மேல இன்னும் எதுவும் கேக்கலை."

தூதர் அமர்ந்தார். தகட்டைப் பேழைக்குள் வைத்து மூடினார். அவர் நேர்மையாளர், தம் நாட்டு ஆணையைத் தாமே பிழையென்று சொல்ல அவர் நா எழவில்லை. அவரைத் தாங்கள் கடிந்துகொள்ளலாகாது என்று நாச்சியார் தனியாகக் கேட்டுக்கொள்கிறார்.

இந்த ஓலைக்கு முத்திரை கேட்டு நாச்சியார் சென்றபோது அரசர் முகம் கொடுக்கவில்லை. மறுநாள் தாமே வந்தார். வீங்கியிருந்த மணிக்கட்டைத் தம் கையில் ஏந்தி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நண்டா?" என்றார். "இதைப் போய் யாருக்காவது பிடிக்குமா?"

"எனக்குப் பிடிச்சிருக்குப்பா."

அரசர் முத்திரை மோதிரத்தைக் கழற்றி ஓலைக்காரியிடம் கொடுத்தார். சண்டை வந்தால் வரட்டும் என்று சொல்லவில்லை. வராது என்றும் சொல்லவில்லை. எல்லைக் காவலை இரட்டிக்க ஆணையிட்டுவிட்டு உணவு கொண்டுவரச் சொன்னார்.

ஆகவே மாமன்னர் அறிய வேண்டுவது: திருமணத்தை நாச்சியார் மறுக்கவில்லை. சமாதானத்தை மறுக்கவில்லை, ஆற்றங்கரையில் எரிந்த கூரைகளை அவரும் பார்த்தவர். முரசை மட்டும் மறுக்கிறார். பேழையும் குதிரைகளும் தூதரோடு நலமாகத் திரும்பி வருகின்றன. இந்தக் கையோடு இவரை மணக்க இளவரசர் தழலேந்தியாருக்கு விருப்பமுண்டா என்பதை இளவரசரே சொல்ல வேண்டும். அவர் சார்பில் வேறெவர் சொன்னாலும், தாங்களே சொன்னாலும், அது விடையாகக் கொள்ளப்படாது. இதுவரை அவரை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. இப்போது நாச்சியார் கேட்கிறார். விருப்பமென்றால் நேரில் வரட்டும். நண்டின் பொருள் என்ன என்று கேட்டால் சொல்வார். அதன் கால் கோணல் என்று சொன்னால் சொல்லமாட்டார். விருப்பமில்லை என்றால் அதை ஒரு வரியில் எழுதி அனுப்பட்டும், வருத்தமில்லை. படை வருமென்றால், அதனாலும் இந்த மணிக்கட்டில் வேறொன்றை எழுதிவிட முடியாது என்பதை அறிந்து வரட்டும்.

புண் ஆறும்வரை ஒன்பது நாள் உப்புநீர் படலாகாது என்று காயாம்பூ சொல்லியிருப்பதால், ஒன்பது நாள் நாச்சியார் மாளிகையில் இருந்து மறுமொழிக்குக் காத்திருப்பார். பத்தாம் நாள் காலை கடலுக்குக் குளிக்கப் போய்விடுவார்.

திரையனார் மோதிரம் பதிந்தது. நாச்சியார் சொன்னது, சொன்னபடி. இவ்வோலையைப் பிரிப்பவர் உரக்கப் படிக்க. கேட்பவர் இறுதிவரை கேட்க. இது ஆணை.