அஞ்சாவது பத்து உன்னுடையது

கெலுகோர்,
வியாழக்கிழமை

என் மகள் ஷேரனுக்கும் மருமகனுக்கும் பேரன் ஜோனத்தனுக்கும் அம்மா எழுதுவது. கர்த்தர் தயவில் இங்கே எல்லாரும் நடமாடிக்கிட்டு இருக்கோம், முட்டி வலி மட்டும் என்னை விட்டுப் போக மாட்டேங்குது. பெர்த்தில் குளிர் ஆரம்பிச்சிருக்கும், பிள்ளைக்குக் காதை மூடி அனுப்பு.

ஞாயிற்றுக்கிழமை அப்பா இறந்த மூணாம் வருஷ செபத்துக்கு வீட்டில் இருந்தவங்க யார் யார்னு முதல்ல எழுதிடுறேன், நாளைக்கு யாரும் மாத்திப் பேசக் கூடாது. நான், உன் அண்ணன் டெஸ்மண்ட், அண்ணி லீனா, அப்பாவோட தங்கச்சி எவ்லின் அத்தை, அடுப்படியில் கடலை தாளிச்சுக் கொடுத்த பக்கத்து வீட்டு ருக்கையா. அவ மகன் ஃபிக்ரி செபம் முடிஞ்ச பிறகுதான் வந்தான். இதில் யாரும் உன் முகம் வரக் கூடாதுன்னு கோபத்தில் கம்ப்யூட்டரை அடைக்கலை, நானும் அடைக்கலை. "அம்மா கோபத்துல அடைச்சிட்டாங்க, பரவால்ல"ன்னு நீ லீனாவுக்கு அனுப்பினதை அவ படிச்சுக் காட்டினா. அவ நடந்ததைச் சொன்னதுக்கும், அம்மா சொல்லச் சொன்னாங்களான்னு கேட்டிருக்கே. நாலு நாளா ஹேண்ட்போனையும் எடுக்க மாட்டேங்குறே. அதான் கையால எழுதுறேன். மூணாங்கிளாஸ் படிச்சவ எழுத்து, பிழை இருக்கும், பொய் இருக்காது.

அன்னிக்கு ஆறரைக்கே உன் முகம் வர்ற மாதிரி எல்லாத்தையும் தயார் பண்ணி, அப்பா போட்டோவுக்குக் கீழே கம்ப்யூட்டரைத் தொறந்தா இன்டர்நெட் லைன் இல்லை. மூலையில் உலக உருண்டை மாதிரி ஒரு படம், அதில் ஒரு தடுப்புக் குறி. டெஸ்மண்ட் லைன் வர்ற பெட்டியை அடைச்சுத் தொறந்தான், அவன் ஹேண்ட்போனில் லைன் நல்லா வருது, கம்ப்யூட்டரில் மட்டும் இல்லை. எப்பவும் நம்ம பெட்டி பேரும் பக்கத்து வீட்டுக்காரங்க பேரும் வரிசையா வருமே, அந்த வரிசையே காணோம். கம்ப்யூட்டர் தானே கோளாறைத் தேடுறேன்னு கொஞ்ச நேரம் சுத்திட்டு ஒண்ணும் தெரியலைன்னு சொல்லிடுச்சு. ரெண்டு தரம் அடைச்சுத் தொறந்தும் அதே கதை. சரி ஹேண்ட்போனில் கூப்பிடுன்னேன், லீனா மூணு தரம் கூப்பிட்டா. செப நேரத்தில் போன் சத்தம் வரக்கூடாதுன்னு உனக்குச் சின்ன வயசிலேயே சட்டம் போட்டது நான்தானே, நீ சத்தத்தை அடைச்சு வச்சுட்டு கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்திருக்கே.

எனக்கு அப்போ அப்பா நினைப்புதான். நீ முதல் முதல்ல படிக்கப் போன வருஷம் வீட்டில் போன் கிடையாது, சூலியா தெரு முனையில் இருந்த பூத்துக்கு சனிக்கிழமை சாயங்காலம் என்னை மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கிட்டுப் போவார். நீ சாப்பிட்டியான்னு கேட்கிறதுக்குள்ளே லைன் போயிடும். போன பிறகும் ரிசீவரைக் காதை விட்டு எடுக்காம நிப்பார், பின்னால ஆள் நிக்குது வாங்கன்னு நான் சட்டையைப் பிடிச்சு இழுக்கணும். மழையா இருந்தா அந்தப் பூத்துக்குள்ளே ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டு நின்னது இப்பவும் தோளில் தெரியுது.

ஃபிக்ரி ஷிப்ட் முடிஞ்சு வந்து கம்ப்யூட்டருக்குப் பின்னால எட்டிப் பார்த்தான். "ஆண்டி, இதுல லைன் பிடிக்கிற குச்சி ஒண்ணு இருக்குமே, எங்க?"ன்னான். அப்பா கொம்தார் கடையில் வாங்கி வந்து செருகின சுண்டுவிரல் நீளக் குச்சி, பச்சை விளக்கு எரியுமே, அதுதான். பழைய கம்ப்யூட்டர், அது இல்லாட்டி பெட்டி பக்கத்திலேயே இருந்தாலும் பிடிக்காதாம். ஓட்டை இருக்கு, குச்சி இல்லை. மத்தியானமே வந்து போட்டோவுக்கு மாலை போடுறேன்னு அந்த மேசைகிட்டயே நின்னது எவ்லின்தான். அதுக்குள்ள அவ பட்டர்வொர்த்தில் தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டா. லீனா கேட்டதுக்கு, அது அண்ணன் போட்டோ இருக்கிற பென்டிரைவ்னு நினைச்சேன், கடையில் காப்பி எடுத்துட்டுத் தரலாம்னு பையில் போட்டேன்னு சொன்னாளாம். கேட்டா நான் கொடுக்க மாட்டேன்னு கேட்காம எடுத்தாளாம். அதுவும் உண்மைதான், கொடுத்திருக்க மாட்டேன். என் கல்யாண ஆல்பத்தை வாங்கிட்டுப் போய் மூணு படத்தை உரிச்சவ அவ. செவ்வாய்க்கிழமை குச்சியைக் கொண்டு வந்து அழுதா. கூடப் பிறந்தவன் முகத்தைப் பார்க்க ஆசை இருக்காதா, அதை மன்னிச்சிட்டேன்.

போன வாரம் நான் உன்னைச் சொன்னதும் தப்புதான். நேர்ல வர உன் ஆஸ்பத்திரி வேலையில் லீவு தராட்டி நீ என்ன செய்வே. அப்பா நினைப்பே இல்லைன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன், நீ மனசில் வச்சுக்காதே. நான் வச்சுக்கிற ஆள், நீ அப்படி ஆகாதே.

குச்சியைச் செருகியாச்சு, பச்சை விளக்கு எரியுது. இந்தக் கடிதம் கிடைச்ச ஞாயிறு, பூசை முடிஞ்சு கூப்பிடு. செபமாலையில் ஆளுக்குப் பத்து மணின்னு பிரிச்சதில் அஞ்சாவது பத்து உனக்குன்னு வச்சது, நீ அங்கிருந்து சொல்லு, நான் பதில் சொல்றேன். வேற யார் சொன்னதும் எனக்குக் கணக்கில்லை. மாதா உங்களைக் காப்பாத்தட்டும், பேரனுக்கு என் முத்தம்.

ஒண்ணு மட்டும். நாலு பத்து முடிஞ்சதும், உன் முகம் வரட்டும், கொஞ்சம் பொறுங்கன்னு மணியைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். "அவளுக்கு எங்கலா நேரம், அப்பா நினைப்பு இருந்தா வந்திருப்பாளே"ன்னு உன் அத்தை எல்லார் முன்னாலயும் சொல்லிட்டு உன் பத்தைத் தானே சொல்ல ஆரம்பிச்சா, குச்சியைத் தன் பையில் வச்சுக்கிட்டே. உன்னைப் பெத்தவ நான், நான் திட்டுவேன். அவ சொல்லக் கூடாது. அந்தச் சொல்லுக்கு நான் சாகிற வரைக்கும் மன்னிக்கப் போறதில்லை எவ்லினை.

இப்படிக்கு,
அம்மா சவரியம்மாள்