என் ரவிக்கைத் துணி

ஞாயிறு, இரவு.

இன்று பகாவ் டவுன் சர்ச் மண்டபத்தில் மார்புப் புற்றுநோய் பற்றிக் கூட்டம். எங்கள் எஸ்டேட் லயத்து வீட்டு வரிசையில் இருக்கும் தையற்காரி தெரேசா, மிஞ்சிய ரவிக்கைத் துணிகளில் பஞ்சடைத்து, சோடி சோடியாக மார்புகள் தைத்துப் பலகையில் மாட்டியிருந்தாள். ஒரு சோடியில் மட்டும் உள்ளே ஒரு பாசிமணி. கட்டி எப்படி இருக்கும் என்று பெண்கள் வரிசையில் நின்று தொட்டுப் பார்த்தார்கள்.

அந்தச் சோடி என் மகள் கல்யாணத்துக்கு நான் போட்ட ரவிக்கையின் துணி. அரக்குச் சிவப்பில் பச்சை மயில். எஸ்டேட்டில் அதைத் தெரியாத பெண் கிடையாது.

"இது ஒன்னோட துணிதானே லா?" என்றாள் பக்கத்து வீட்டுச் செல்வி. அப்புறம் துணியை விட்டுவிட்டு என் மார்பைப் பார்த்தாள்.

எனக்குக் கட்டி இருப்பதைத் தெரேசாவிடம் மட்டும்தான் சொன்னேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. அவளை ஓரமாக இழுத்துப்போய்க் கேட்டேன்.

"பேரு போடலையே அக்கா! நாலு பேருக்கு நல்லதுதானே லா," என்றாள்.

நல்லதாம்.

எல்லாரும் போனபின் நானும் விரலை வைத்துப் பார்த்தேன். இடது பக்கம், அக்குள் ஓரம், கொஞ்சம் உள்ளே. அப்படியே என்னுடையது. நான் அழுது அழுது சொன்னபோது அவள் அளவு எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

வீட்டுக்காரர் சாயங்காலத்திலிருந்து பேசவில்லை. செல்வி வாய் சும்மா இருந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வருகிறேன் என்றவளும் தெரேசாதான். பஸ்ஸில் அவள் பக்கத்தில் எப்படி உட்காருவது?