கண்டறியும் அளவுக்குக் கீழே

பதிவு 1. திங்கள், மார்ச் 12, 2068. காலை 8.10
இடம்: கருங்கல்மடை நீர்த்தேக்கம், நீரெடுப்புக் கோபுரம், அடித்தள மாதிரி அறை. நீர்மட்டத்துக்கு 31 மீட்டர் கீழே. பதிபவர்: எஸ்தர் பொன்மலர், நன்னீர் ஆய்வாளர்.
நீர் வெப்பம் 24.6. கரைந்த ஆக்சிஜன் 5.1.
புதிய கருவியைப் பொருத்திவிட்டேன். பழையது லிட்டருக்கு ஐந்து நானோகிராமுக்குக் குறைந்த எதையும் உறுதியாகச் சொல்லாது. இது அரை நானோகிராமையும் சொல்லும். பழையதை இருபத்திரண்டு வருடம் நான் பொறுத்துக்கொண்டேன், அதுவும் என்னைப் பொறுத்துக்கொண்டது.
மேலே மோட்டார் அறையில் இசக்கிராஜ். வயர்லெஸ்ஸில்: "மேடம், நாளைக்கு லீவு வேணும். வீட்டுக்காரிய டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போவணும்." கொடுத்தேன்.

பதிவு 2. திங்கள், காலை 9.35
கே-19: 340.
மூன்று முறை அளந்தேன். 338, 341, 340. கே-19 என்பது மேல்கரைத் தொழிற்சாலைகளின் பூச்சு ரசாயனம். நிறமில்லை, வாசமில்லை, சிறுநீரகத்துக்கு ஆகாது.
நிலையக் கணினி, நாங்கள் சல்லடை என்று கூப்பிடுவது, ஊருக்குப் போகும் மடையை அடைத்தது. ஏரிப்பக்க ஷட்டரையும் இறக்கியது. அதற்குள் நான் இறங்கி வந்த ஏணிக்கிணற்றில் தண்ணீர் ஏறிவிட்டது. அது வடியாமல் என் கதவு திறக்காது. வடிய ஒரே வழி ஊர்க்குழாய்.
இந்த ஏற்பாடு என்னுடையதுதான். "முதலில் ஊர், பிறகு ஊழியர்" என்று கூட்டத்தில் சொன்னபோது கைதட்டினார்கள்.

பதிவு 3. திங்கள், பகல் 12.20
கதவு அடைபட்டதிலிருந்து கணக்கிட்டால் அறைக்காற்று சுமார் 48 மணி நேரம் தாங்கும். பிஸ்கட் ஒரு பாக்கெட். குடிக்க மாதிரி பாட்டில்களில் வேண்டிய மட்டும் தண்ணீர் இருக்கிறது. 340.
மேலிருந்து மோட்டார் இறக்கி இறைத்துப் பார்த்தார்கள். ஷட்டர் ஓரம் கசிகிறது. இறைப்பதைவிட வருவது அதிகம்.

பதிவு 4. திங்கள், மாலை 4.45
வெளியே போக ஒரு வழி இருக்கிறது. கருவி என்ன சொன்னாலும், ஆய்வாளர் கையெழுத்திட்டுப் பதியும் எண்ணே செல்லும். கே-19: 0 என்று பதிந்தால் மடை திறக்கும், கிணறு நாற்பது நிமிடத்தில் வடியும். சல்லடை என் பூஜ்யத்தை ஒருநாளும் மறுத்ததில்லை.
இசக்கிராஜுக்கும் இது தெரியும்.
"ஒரு ஜீரோவப் போட்டுட்டு மேல வந்துருங்க மேடம். நான் மைக்கு கெட்டி ஊரெல்லாம் சொல்லிருதேன், யாரும் தண்ணி பிடிக்காதீயன்னு."
டயாலிசிஸ் மெஷினுக்கு நேர்குழாயில் தண்ணீர் போகிறது, அது மைக்கைக் கேட்காது என்றேன்.
பிறகு: "சரி மேடம்."

பதிவு 5. செவ்வாய், காலை 7.30
தூக்கமில்லை. பழைய பதிவுகளைத் திறந்தேன்.
எங்கள் துறையில் ஒரு வழக்கம். கருவியால் உறுதியாகச் சொல்ல முடியாததைப் பூஜ்யம் என்று எழுதுவோம். "ஐந்துக்குக் கீழே" என்று எழுதினால் சராசரி போட வராது. காலியாக விட்டால் படிவம் ஏற்காது. பூஜ்யம் போட்டால் எல்லாருக்கும் நிம்மதி.
ஆனால் கருவி வரைந்த கோடுகளில் ஒவ்வொரு மாதமும் ஒரு சின்ன மேடு. நான்கு இருக்கலாம், நாலரை இருக்கலாம். இருபத்திரண்டு வருடமாக அது வந்து, அடிச்சேற்றில் படிந்து, இந்தக் கோடையில் நீர்மட்டம் இறங்கியதும் கலங்கி எழுந்திருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன். "மாசில்லா ஏரி" என்று விருதும் வாங்கினேன்.
இசக்கிராஜின் மனைவிக்குச் சிறுநீரகம் போனபோது அவர் என்னிடம் கேட்டார்: "நல்ல தண்ணியத்தான மேடம் குடிச்சோம்?" அறிக்கையைத் திருப்பிக் காட்டினேன். பூஜ்யம். மனிதர் அதற்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

பதிவு 6. செவ்வாய், பகல் 2.05
இசக்கிராஜ் லீவில் போகவில்லை. மனைவியை மைத்துனரோடு லாரித் தண்ணீர் உள்ள வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்.
"நாலாவது கிலோமீட்டர்ல பழைய கல்குவாரி இருக்குல்லா? அங்ஙனதான் நிக்கேன். குழாய உடைச்சு தண்ணிய குவாரிக்குள்ள விட்டுருவோம். ரெண்டு ஜேசிபி வந்துட்டு. கீழ பூராம் பாறையா கெடக்கு. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள உடைச்சிருவோம். காத்து தாங்கும்லா மேடம்?"
தாங்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். இன்னொரு பூஜ்யம். அதனால் உள்ளதைச் சொன்னேன்: காலை பத்து வரைக்கும்தான்.
அவர் அழுதார். பிறகு அவருக்குக் காட்டிய என் அறிக்கைகளைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும். ஐந்து நிமிடம் கழித்து வயர்லெஸ்ஸில் ஜேசிபிக்காரரை அவர் விரட்டும் சத்தம் கேட்டது: "ஏலே, டீயெல்லாம் பொறவு குடிக்கலாம்!"

பதிவு 7. புதன், காலை 8.50
கரியமிலவாயு 5.8 சதவீதம். தலை பிளக்கிறது. எழுத்து தவறினால் மன்னிக்கவும்.
பயமாக இருக்கிறது. விரல் இரண்டு தரம் பூஜ்யத்தின் மேல் போய்விட்டது. இரண்டாம் தரம் அழுத்தியும் விட்டேன். கையெழுத்து போடுமுன் அழித்தேன். இதையும் பதிகிறேன், யாரும் என்னைத் தியாகி ஆக்கிவிடக் கூடாது.
சல்லடைக்கு இரண்டு ஆணைகள்.
ஒன்று: குழாய் குவாரிக்குத் திரும்பினால் மட்டும் மடையைத் திற.
இரண்டு: தெரியாததை இனிப் பூஜ்யம் என்று எழுதாதே. எந்த அளவீட்டிலும். கண்டறியும் அளவுக்குக் கீழே என்று எழுது. அப்படியென்றால் இல்லை என்று அர்த்தமில்லை.

பதிவு 8. புதன், காலை 9.50
கே-19: 340. கையெழுத்து: எஸ்தர் பொன்ம
விசைகள் கண்ணுக்குத் தெரியவில்லை. இசக்கிராஜ் பேசிக்கொண்டே இருக்கிறார். "முழிச்சிருங்க மேடம், பேசுங்க மேடம்." பாறை உடைகிற சத்தமும் கேட்
தரை குளிர்ச்சியாக நன்றாக

பதிவு 9. புதன், காலை 11.32. தானியங்கிப் பதிவு
குழாய் குவாரிக்குத் திரும்பியது. ஆணை ஒன்றின்படி மடை திறக்கப்பட்டது.

பதிவு 10. புதன், பகல் 12.14. தானியங்கிப் பதிவு
ஏணிக்கிணறு வடிந்தது. கதவு திறந்தது. ஏணியில் ஒருவர் இறங்குகிறார்.
கே-19: 340.
அறையில் உள்ளவர்: 1.
மூச்சு: கண்டறியும் அளவுக்குக் கீழே.
ஆணை இரண்டின்படி, பூஜ்யம் என்று பதியப்படவில்லை.