படிவம் ஐந்தின் இரண்டாம் பாடம்

அன்புள்ள அண்ணி,

பாலிங்கில் உங்கள் அம்மா வீட்டில் கொஞ்சமாவது தூங்குகிறீர்களா? சின்னவள் சாப்பிடுகிறாளா?

இங்கே பள்ளியில் படிவம் ஐந்து வகுப்பின் வரலாற்றுப் பாடத்துக்கு ஆண்டுத் திட்டம் போடுகிறோம். இரண்டாம் பாடம் அரசியலமைப்பு. சட்டத்தை மீறி யாருடைய உயிரையும் பறிக்கக் கூடாது என்ற இடத்துக்கு வந்ததும் என் கை நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த மெஹருன்னிசா டீச்சர் கவனித்துவிட்டார்.

"அத நான் எடுத்துக்கிறேன்லா. உங்களுக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்?"

முதலில் சரியென்றுதான் தலையாட்டினேன். ஆனால் அந்த வகுப்பில் பாதிப் பேர் திகாம் பத்து ஊர்ப் பிள்ளைகள். அண்ணன் ஓட்டிய பள்ளி வேனில் வந்தவர்கள். லாக்கப்புக்குள் நடந்து போனவர் எப்படி வெளியே வந்தார் என்பது அவர்களுக்கும் தெரியும். "அப்ப வேன் அங்கிளுக்கு மட்டும் ஏன் டீச்சர்?" என்று யாராவது ஒருத்தி கேட்பாள். அந்தக் கேள்வியை இன்னொருவர் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

"இல்லக்கா, நானே எடுக்கிறேன்" என்றேன். திட்டத்தில் அந்தப் பாடத்துக்கு நேரே என் பெயரை எழுதினேன்.

அண்ணனின் மரண விசாரணைக்குத் தனியாகப் போகாதீர்கள். வழக்கை விட்டுவிடச் சொல்லி எங்கள் அம்மா அழுகிறார். அழட்டும். அந்த வாரம் முழுக்க விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். நீதிமன்றத்தில் உங்கள் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன்.

உங்கள் நாத்தனார்