மூன்று முறை நங்கூரம்

மார்ச் 4
தங்கைக்கு நாளை மறுநாள் காலை பத்து மணிக்கு ஆபரேஷன். முதல் குழந்தை. "கத்திய விட ஊசிக்குத்தான்க்கா பயம். நீ கையப் புடிச்சுக்கிட்டா போதும்" என்றாள் போனில். அம்மா இருந்திருந்தால் என்னிடம் கேட்டிருப்பாளா?

இன்று மூன்று மணிக்கே கடலை விட்டு ஏறிவிட்டேன். நாளை மாலை விமானம். கடலுக்கடியில் டைவ் முடிந்து ஒரு முழு நாள் போனால்தான் பறக்கலாம். எட்டு வருடமாக டைவிங் மாணவர்கள் முன்னால் சோடா பாட்டிலைத் திறந்து இதைத்தானே ஒப்பிக்கிறேன்: "ஆழத்துல உங்க ரத்தத்துல கரைஞ்ச காத்து, அவசரப்பட்டு மேல போனா இப்படித்தான் பொங்கும்."

மார்ச் 5
காலையில் படகின் நங்கூரம் பாறையில் மாட்டிக்கொண்டது. என்னை விட்டால் ஆளில்லை. இருபத்திரண்டு மீட்டர். மூன்று முறை இறங்கி ஏறிய பிறகுதான் அசைந்தது.

படகோட்டி கேட்டார்: "இன்னிக்கு ஃப்ளைட்டாச்சே டீச்சர்?"

"இதெல்லாம் ஒரு டைவா? வேலை."

ஒவ்வொரு டைவையும் குறித்துவைக்கும் லாக் புத்தகத்தில்கூட எழுதவில்லை.

இப்போது விமானத்தில். இடது முழங்கையில் குடைச்சல். பெட்டி தூக்கியதால் இருக்கும்.

இல்லை. தோளுக்கும் ஏறிவிட்டது. வெளியே மேகம் தரை மாதிரி விரிந்து கிடக்கிறது, நான் மூடி திறந்த சோடா பாட்டிலாக உட்கார்ந்திருக்கிறேன். அடி முட்டாளே.

மார்ச் 6, காலை
விரல்கள் மரத்துவிட்டன. யாரிடமும் சொல்லவில்லை. ஆபரேஷன் முடியட்டும், பதினொரு மணி வரைக்கும்தானே? ஆனால் தங்கையின் கட்டிலருகே தம்ளர் என் கையிலிருந்து தானாக நழுவி விழுந்தது. அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. எல்லாவற்றையும் கக்கினேன்.

"மரத்துப்போன கைய வச்சுக்கிட்டு என் கைய எப்படிப் புடிப்ப? கிளம்பு."

"நீ தனியா—"

"உனக்கு ஏதாச்சும் ஆனா நான் யாரத் திட்டுறது? போக்கா!"

தன் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். போனேன்.

மார்ச் 6, மாலை
ஊரின் மறுகோடியில், இதற்கு வைத்தியம் உள்ள ஒரு ஆஸ்பத்திரி. அறை நிறைய ஒரு இரும்பு உருளை, வட்டமான சின்ன ஜன்னல். உள்ளே படுக்கவைத்து, ஆக்ஸிஜன் முகமூடி மாட்டி, காற்றழுத்தத்தை ஏற்றினார்கள். காது அடைத்தது, அதே கடல் அடைப்பு. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பதினெட்டு மீட்டர் ஆழத்து அழுத்தத்துக்கு இறங்கியிருந்தேன்.

வலி போய்விட்டது! கொஞ்சம் கொஞ்சமாகக் குறையவில்லை, அப்படியே காணாமல் போனது. பிறகு விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் எனக்குள் சுருங்கிக் கரைந்துகொண்டிருந்தன. எட்டு வருடம் வாயால் சொன்னதை இன்றுதான் உடம்பால் கேட்டேன். மேலே வந்த பிறகும் கடல் என்னை விடவில்லை என்பது எவ்வளவு பெரிய விஷயம்! முகமூடிக்குள் ஓவென்று அழுதேன்.

பதினொரு மணிக்கு, இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர் ஜன்னலில் ஒரு தாளை ஒட்டிக் காட்டினார். 'பெண் குழந்தை. இருவரும் நலம்.'

மார்ச் 7
மறுபடி இரண்டு மணி நேரம் உருளைக்குள். ஒரு மாதத்துக்கு விமானமும் இல்லை, கடலும் இல்லை. டாக்டர் திட்டியதை எழுத மாட்டேன்.

மார்ச் 9
லாக் புத்தகத்தில் எழுதிவிட்டேன்: மார்ச் 5, நங்கூரம், 22 மீட்டர், மூன்று முறை.

ஒன்பது மாதம் நீருக்குள்ளேயே இருந்துவிட்டு நேரே மேலே வந்தவள், ஒரு கேடும் இல்லாமல் கூரை பிய்யக் கத்துகிறாள். பார்த்துத் தீரவில்லை எனக்கு.

"கை எப்படி இருக்கு?" என்றாள் தங்கை. இடது கையால் அவள் கையைப் பிடித்தேன்.

"அக்கா, வலிக்குது. மெதுவா."

நான் விடவில்லை.