அந்தப் பழைய பம்பைக் கேட்டவள் நான்

எனக்கு முன்னால் போக அவசரப்பட்ட என் அன்பானவருக்கு,

நீங்கள் போய் இரண்டாவது வருடம் நிறைகிறது. வழக்கப்படி பத்திரிகையில் உங்கள் படத்தைப் போட்டு, அச்சகத்தார் வைத்திருக்கும் செய்யுள்களில் ஒன்றைத் தெரிந்தெடுத்திருக்கலாம். அந்த இடத்தில் இந்தக் கடிதத்தைப் போடச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு வெட்கமாக இருக்கும். இருக்கட்டும். இதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

முதலில் காரைப் பற்றித்தான் கேட்பீர்கள். என்னைப் பற்றி எப்போதும் இரண்டாவதாகத்தானே கேட்டீர்கள்? கார் ஓடுகிறது. நான்தான் ஓட்டுகிறேன். ஆனால் வெள்ளவத்தைக் கடற்காற்று உங்களுக்குத் தெரியுமே, ஒரு பகல் வெளியே நின்றால் முன்கண்ணாடியில் உப்புப் படிந்து வெள்ளையாகிவிடும். உள்ளே இருப்பவர் முகம் தெரியாமல் ஒரு கார் வந்தால், சோதனைச் சாவடியில் நிற்கிற இராணுவப் பொடியன்களின் விரல் துவக்கின் விசைக்குப் போகிற காலம் இது. ஒருநாள் பொரளைக்குக் கண் காட்டப் போகும் வழியில், தண்ணீர் பீச்சும் பொத்தானை அழுத்தினேன். சத்தமும் இல்லை, தண்ணீரும் இல்லை. வைப்பர் மட்டும் காய்ந்த கண்ணாடியில் உப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

யோகனை வரச் சொன்னேன். வாசிப்பவர்களுக்கு அவனைத் தெரியாது. மட்டக்குளியில் ஒரு தகரக் கொட்டிலில் கார் திருத்துகிறவன். கிளிநொச்சியில் பிறந்தவன் என்று அவனுடைய அடையாள அட்டை சொல்கிறது. பதினாறு வருடமாக நம்முடைய காரை அவனைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை.

பியூஸைப் பார்த்தான், குழாயை ஊதிப் பார்த்தான், வயரில் சின்ன பல்பை வைத்துக் கரண்ட் வருகிறதா என்று பார்த்தான். பிறகு தலையை நிமிர்த்தினான்.

"மோட்டர் செத்துப்போச்சம்மா. ஐயா சவர்க்காரத் தண்ணி ஊத்தி ஊத்தியே அதைச் சாக்காட்டிப்போட்டார்."

"செத்தவரைக் குறை சொல்லாமல் வேலையைப் பார்."

"ஐயா இருந்தா இதுக்கு என்னைத்தான் பேசியிருப்பார்" என்று சிரித்தான். உண்மைதான். ஏசியிருப்பீர்கள்.

பீச்சும் தண்ணீர் நிற்கிற போத்தலை, அதில் மோட்டரோடு இருக்கும் பம்போடு சேர்த்துக் கழற்றிக்கொண்டு போனான். அளவு பார்க்காமல் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் சாமான் வாங்க முடியாதாம். அடுத்த நாள் புதுப் பம்போடு வந்து, போத்தலின் அடியிலிருக்கும் ரப்பர் வளையத்தை மாற்றி, அதற்குள் பம்பை அழுத்திப் பொருத்தினான். பழைய பிளக் சேரவில்லை. அதை வயரோடு வெட்டிவிட்டுப் புதிதாக இணைத்தான். பொத்தானை அழுத்தினேன். கண்ணாடியின் இரண்டு பக்கமும் தண்ணீர் பாய்ந்தது. நன்றி சொன்னேனா? ஞாபகம் இல்லை.

அவன் போன பிறகுதான் உங்கள் சட்டம் நினைவுக்கு வந்தது. "பழைய சாமானைக் கையிலை வாங்காமல் மெக்கானிக்கை அனுப்பாதேயும். மாத்தினானோ, பழசையே துடைச்சுப் பூட்டினானோ எண்டு வேறை எப்பிடித் தெரியும்?" அப்படி வாங்கிய பிளக், பியூஸ், பெல்ட் எல்லாவற்றையும் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தீர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு காகிதத் துண்டு. திகதி. கீழே, "யோகன் மாற்றியது". பழைய பம்ப் அவனுடைய கொட்டிலில் கிடந்தது. கொட்டிலுக்குப் பக்கத்துக் கடைக்குத் தொலைபேசி எடுத்து அவனைக் கூப்பிடுவித்து, அதைக் கொண்டுவரச் சொன்னேன்.

"அம்மா, அது ஒண்டுக்கும் உதவாத சாமான். ரெண்டு வயர் வேறை தொங்குது. இந்தக் காலத்திலை இதைப் பொக்கற்றுக்கை வச்சுக்கொண்டு நான் பஸ்ஸிலை வர ஏலுமே? நிலைமை கொஞ்சம் ஆறட்டும்."

"ஐயா செத்தவுடனை கள்ளப் புத்தி வந்திட்டுதோ? பழசையேதான் கழுவிப் பூட்டினியோ?"

"இப்பவே கொண்டுவாறன், அம்மா" என்றான்.

பாலத்தடிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு சின்ன மோட்டர், இரண்டு வயர், கிளிநொச்சி அடையாள அட்டை. குண்டு என்று பிடிக்க வேறு என்ன வேண்டும்? பின்நேரம் நாலரை மணிக்கு நம்முடைய கேற்றுக்கு முன்னால் பொலிஸ் ஜீப் நின்றது. பின்னால் யோகன் இருந்தான். ஒரு காலில்தான் செருப்பு. ஒழுங்கையின் இரண்டு பக்கத்து வீடுகளிலும் யன்னல்கள் திறந்தன.

சார்ஜன்ட் மரியாதையான மனிதர். பம்பை ஒரு கைக்குட்டையில் வைத்து நீட்டிச் சிங்களத்தில் கேட்டார்: இது உங்கள் கார்ச் சாமான் என்றும், நீங்கள் கேட்டுத்தான் கொண்டுவருவதாகவும் இவன் சொல்கிறான், உண்மையா? நீங்கள் ஓம் என்றால் இங்கேயே இறக்கிவிடுகிறேன்.

"சொல்லுங்கோ அம்மா" என்றான் யோகன்.

நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். "இந்தப் பொருளை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை."

உண்மை. பொனட்டை நான் திறந்தவளா? பம்ப் கறுப்பா வெள்ளையா என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. பொய் சொல்லாதே என்று கன்னியாஸ்திரிகள் பத்து வருடம் கற்பித்தார்கள், பொய் சொல்லவில்லை. ஒரு பொய்யும் இல்லாமல் ஒரு மனிதனைத் திரும்பவும் ஜீப்பில் அனுப்பினேன். சார்ஜன்ட் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன்.

அடுத்த நாள் காலை உங்கள் டின்னை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்து போய், எல்லாவற்றையும் கடலில் கொட்டினேன். வயர்களும் அவனுடைய பெயரும் நம்முடைய வீட்டில் அகப்படக்கூடாது என்ற பயம். அவன் சொல்வது உண்மை என்று காட்ட என்னைத் தவிர உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்த டின்தான் என்று வீட்டுக்குத் திரும்பி வந்து காலைக் கழுவும்போதுதான் விளங்கியது. படித்தவள், இல்லையா?

இரண்டு கிழமைக்குப் பிறகு யோகனின் மனைவி மலர் வந்தாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. கேற்றுக்கு வெளியே நின்றபடியே கதைத்தாள்.

"நான் உங்களைக் கெஞ்ச வரேல்லை. அவர் சொல்லிவிட்டதைச் சொல்ல வந்தனான். 'அம்மா பொய் சொல்லேல்லை. அவ அந்தச் சாமானைப் பாக்கேல்லைத்தான். அவவைப் பேசிப்போடாதை' எண்டவர்."

"ஆளைப் பார்த்தாயா? எப்பிடி இருக்கிறான்?"

"வலது கை மடங்குதில்லை. ஸ்பானர் பிடிக்கிற கை. தண்ணி ஒழுங்காப் பாயுதோ எண்டும் கேக்கச் சொன்னவர். பாயுதோ, அம்மா?"

"ஓம்" என்றேன்.

"அந்த ஓமை அண்டைக்குச் சொல்லியிருக்கலாமே!"

போய்விட்டாள். அந்த இரண்டு கிழமையில் ஒருவரும் எனக்கு அவ்வளவு சரியாகப் பேசவில்லை.

கனடாவிலிருந்து நம்முடைய மகன் தொலைபேசி எடுத்தான். நீதிமன்றத்துக்குப் போகப்போகிறேன் என்றேன். நான் அவனிடம் போகிற விசாவுக்குப் பொலிஸ் அறிக்கை வேண்டும், உங்களுக்குத் தெரியும். "அம்மா, உங்களுக்கு விசரே? நீங்கள் அங்கை போய் வாயைத் திறந்தால் அறிக்கை கிடைக்காது. உங்களையும் பிடிச்சு வைப்பாங்கள். ஒரு மெக்கானிக்குக்காக?" குரல் அப்படியே உங்களுடையது. நீங்கள் இருந்திருந்தாலும் கேற்றடியில் வாயைத் திறந்திருக்கமாட்டீர்கள். உள்ளே போம் என்று எனக்குக் கண்ணைக் காட்டியிருப்பீர்கள். பிறகு, நல்ல வேலைக்காரன், பாவம் என்று ஒருதரம் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி கேட்டிருப்பீர்கள். இல்லை என்று சொல்ல உங்களால் முடியுமா?

வியாழக்கிழமை யோகனை மறுபடியும் நீதவானிடம் கொண்டுவருகிறார்கள். காரின் சொந்தக்காரி வந்து சொன்னால் வழக்கு நிற்காது என்கிறார் மலர் பிடித்த சட்டத்தரணி. சொல்லாவிட்டால் எத்தனை வருடம் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. உங்கள் பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்கிறேன், நான் போவேன். காரை நானே ஓட்டிக்கொண்டு போவேன். கழற்றிப் பார்க்க வேண்டும் என்றால் கழற்றட்டும். திருப்பித் தராவிட்டால் வைத்துக்கொள்ளட்டும். அதைக் கொண்டுவரச் சொன்னவள் நான், அவன் பயந்தபோது கள்ளன் என்றவளும் நான் என்று சிங்களத்திலேயே சொல்வேன். கடைசி நேரத்தில் எனக்கு மார்புவலி வரும், அல்லது மகன் அழுவான். அதனால்தான் இதை முன்கூட்டியே அச்சில் போடுகிறேன். இனி நான் போகாவிட்டால் வெள்ளவத்தை முழுக்க அறியும்.

நாற்பத்தொரு வருடம் உங்கள் சொல்லைத் தட்டாத,
இந்த ஒருமுறை தட்டப்போகிற
உங்கள் மனைவி