நீல டப்பாவில் இருப்பது வெண்ணெய் இல்லை

டெல்மர்,

நீல டப்பாவில் இருப்பது உன் ரிவால்வருக்குப் பூசும் மசகு. உன்னைத் துப்பாக்கி சுடும் போட்டிக்குக் கூட்டிப்போக வரும் உன் தம்பி ஆர்விலின் கண்ணில் படாமல் வை. போன தடவை ரொட்டியில் தடவித் தின்றுவிட்டு, "அண்ணி, உப்பு கம்மி" என்றான்.

வெறும் ஆட்டுக்கொழுப்பு மிசௌரி வெயிலுக்குத் தாங்காது, தேன்மெழுகு சேர் என்றேன். "நீ சமையலைப் பாரு" என்றாய். போன போட்டியில் அத்தனையும் உருகி உன் பூட்ஸில் வழிந்தது. வெடிமருந்துக் கரி இறுகி, ரிவால்வரின் குண்டு உருளை பாதியில் சுற்றாமல் நின்றது. ஊரே பார்த்தது. ஆகவே இன்று காலையில் சமையலைப் பார்த்தேன்: பழையதை உருக்கி, மெழுகைத் தாராளமாகச் சேர்த்துவிட்டேன்.

உருளையின் ஒவ்வொரு துளையிலும் குண்டுக்கு மேலே விளிம்பு வரை பூசு. கஞ்சத்தனம் பண்ணாதே. ஒரு துளையின் நெருப்பு பக்கத்துத் துளைக்குத் தாவினால் விரல் போகும். உன் விரல்கள் எனக்கு வேண்டும்.

அடுப்பில் பீன்ஸ் இருக்கிறது. சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வை.

— வெர்னா

டப்பாவில் பாதிதான் இருக்கிறதே என்று தேடாதே. மீதி என்னிடம். போட்டிக்கு நானும் பேர் கொடுத்திருக்கிறேன். உனக்குப் பக்கத்து இடம்தான். சாப்பிட்டுவிட்டு வா, தோற்கத் தெம்பு வேண்டும்.